வெற்றிலைக் கறையும் ஆறு கேப்களும்: தை மாதத் திருமணத்திற்கு முன் எதைச் செய்யலாம்?

கேள்வி (தாம்வே வாசகர், யாங்கோன்)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 34 வயதாகிறது. யாங்கோனில் ஒரு மரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். 19 வயதில் நண்பர்களோடு சேர்ந்து குன்யா (பாக்கும் சுண்ணாம்பும் வைத்து மடித்த வெற்றிலை) போடத் தொடங்கினேன். பிறகு காலையில் கடை திறப்பதற்கு முன்பே வாயில் ஒன்று இருக்கும் என்கிற அளவுக்கு அது வளர்ந்துவிட்டது. எட்டு மாதங்களுக்கு முன் முற்றிலுமாக நிறுத்திவிட்டேன். ஆனால் பற்கள் நிறுத்தியதாகக் காட்டவில்லை. மேல்வரிசையின் இடுக்குகளெல்லாம் கருஞ்சிவப்பாக இருக்கின்றன; கீழ் முன்பற்களின் உட்புறத்தில் நாக்கால் தொட்டால் சொரசொரப்பான காரை கல்லைப் போல் ஒட்டியிருக்கிறது. மேல் முன்பற்கள் இரண்டில் ஒன்றின் முனை, சிறுவயதில் சின்லோன் என்னும் பிரம்புப் பந்து விளையாடி விழுந்தபோது உடைந்தது.

வரும் தை மாதம் என் தங்கைக்குத் திருமணம். இதுவரை எடுத்த எந்தப் படத்திலும் நான் உதட்டைத் திறந்ததில்லை. "அண்ணே, என் கல்யாணப் படத்துலயாவது வாயைத் திறந்து சிரிக்கணும்" என்று அவள் சொன்ன பிறகு ஒரு மருத்துவகத்திற்குப் போனேன். அங்கே ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, மேல்வரிசையின் ஆறு பற்களையும் அரைத்துக் கேப் (பல்லை முழுதும் மூடும் உறை) போட்டுவிட்டால் இரண்டே வாரத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். கேட்ட தொகை என்னுடைய பல மாதச் சம்பளம். பணத்தைவிட, நல்ல பற்களை அரைப்பது என்ற சொல்தான் எனக்குத் தூக்கம் வராமல் செய்தது. இப்போது ஐப்பசி, கையில் ஏறத்தாழ மூன்று மாதங்கள் இருக்கின்றன. கேப் தவிர வேறு வழி உண்டா? பிளீச்சிங் செய்தால் பல் கெட்டுவிடும் என்கிறார்களே, அது உண்மையா? வீட்டில் கரித்தூளும் உப்பும் சேர்த்துத் தேய்த்து வருகிறேன், அதைத் தொடரலாமா? அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி (பல் மருத்துவர், யாங்கோன்)

தம்பி, முதலில் கரித்தூளை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். பல்லின் மேலே இருக்கும் எனாமல் நம் உடம்பிலேயே மிகவும் கடினமான பொருள். ஆனால் அதற்குள் உயிரணு எதுவும் இல்லை என்பதால், தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. அதற்கு அடியில் இருக்கும் டென்டின் இயல்பிலேயே மஞ்சள் நிறமானது. கரியாலும் உப்பாலும் தேய்க்கத் தேய்க்க மேலுறை மெலிந்து உள்ளிருக்கும் மஞ்சள் கூடுதலாகத் தெரியும். வெளுக்க வேண்டும் என்று செய்வதே பல்லை மஞ்சளாக்கிவிடும். எலுமிச்சைச் சாறும் சோடா மாவும் தேய்ப்பவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

நான் யாங்கோன் பல் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் படித்து, பதினாறு ஆண்டுகளாக இந்த ஊரில் தொழில் செய்கிறேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் "வெள்ளையாக்க வேண்டும்" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நிறம் பல்லின் மேலே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா? உங்களுடையது, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், மேலே இருப்பது. பாக்கில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் சுண்ணாம்போடு சேரும்போது கருஞ்சிவப்புச் சாயமாக மாறுகின்றன. அந்தச் சாயம் வழுவழுப்பான எனாமலில் அவ்வளவாகப் பிடிப்பதில்லை. சொரசொரப்பான காரையில்தான் நன்றாக ஊறி உட்காருகிறது. ஆகவே காரையை எடுத்தால் கறையின் பெரும்பகுதி அதோடு போய்விடும். அதற்கு அல்ட்ராசோனிக் கருவியால் செய்யும் சாதாரண க்ளீனிங்கும், பிறகு பசை போட்டு மெருகூட்டுவதும் போதும். பதினைந்து ஆண்டுக் கறை என்பதால் ஒரே அமர்வில் முடியாமல் இரண்டு மூன்று தடவை உட்கார வேண்டியிருக்கலாம்.

க்ளீனிங் செய்தால் பல் ஆட ஆரம்பிக்கும் என்று நம் பெரியவர்கள் அஞ்சுவது வழக்கம். காரைதான் ஈற்றை அரித்து எலும்பைக் கரைக்கிறது; பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தாலும் காரை அதைச் சிமென்ட் பூசியதுபோல் பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்தவுடன் உண்மை நிலை தெரிகிறது, அவ்வளவுதான். சில நாள் கூச்சமும், இடுக்குகள் அகன்றுவிட்டது போன்ற உணர்வும் இருக்கும். க்ளீனிங்கிற்குப் பிறகு குளோர்ஹெக்சிடின் கலந்த வாய் கொப்பளிப்பு மருந்து கொடுத்தால், சொன்ன நாள்களுக்கு மேல் அதைப் பயன்படுத்தாதீர்கள். வாரக்கணக்கில் தொடர்ந்தால் அதுவே பழுப்புக் கறையை உண்டாக்கும்.

அதற்கு அடுத்ததுதான் பிளீச்சிங். அதில் வேலை செய்வது ஹைட்ரஜன் பெராக்சைடு. அது எனாமலின் நுண்துளைகள் வழியே உள்ளே போய், நிறம் தரும் பெரிய மூலக்கூறுகளை நிறமற்ற சிறு துண்டுகளாக உடைக்கிறது. மருத்துவகத்திலேயே செய்வது ஒரு முறை: ஈறு வெந்துவிடாமல் தடுப்புப் பசை பூசி, 25 முதல் 40 சதவீதச் செறிவுள்ள மருந்தை வைப்பார்கள். நீல விளக்கு காட்டுவது பார்ப்பதற்கு நன்றாக இருக்கும்; அந்த விளக்கால் கிடைக்கும் கூடுதல் பலன் மிகக் குறைவு. நாற்காலியை விட்டு எழுந்தவுடன் தெரியும் பளீர் வெண்மையில் ஒரு பகுதி பல் உலர்ந்ததால் வந்தது. சில நாள்களில் அது சற்றுத் தணியும். இன்னொரு முறை, பல்லின் அச்சை எடுத்து மெல்லிய தட்டு செய்து, 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை அதில் வைத்து இரவில் மாட்டிக்கொண்டு தூங்குவது. அந்த 10 சதவீதத்தில் இருந்து வெளிப்படும் ஹைட்ரஜன் பெராக்சைடு சுமார் 3.5 சதவீதம்தான். இந்த இரவுத் தட்டு முறை 1989இல் மருத்துவ இதழில் வெளியானது. அன்றிலிருந்து உலகெங்கும் பயன்பாட்டில் இருக்கிறது. ஒழுங்காக மேற்பார்வையோடு செய்தால் பல் கெடாது. கூச்சம் வரும், நிறுத்தினால் போய்விடும். மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத நம் ஊருக்கு இரண்டாவது முறையே பொருத்தமானது என்பது என் கருத்து. சொத்தையும் ஈறு வீக்கமும் உள்ளவர்கள் அவற்றைச் சரிசெய்த பிறகே தொடங்க வேண்டும். கர்ப்பிணிகளும் பதினெட்டு வயது நிரம்பாதவர்களும் காத்திருப்பது நல்லது.

உடைந்த முனைக்குக் கேப் தேவையில்லை. காம்போசிட் என்னும் பல்நிறப் பசையால் அதைக் கட்டிவிடலாம். எனாமலை ஃபாஸ்பாரிக் அமிலத்தால் சில நொடிகள் பதப்படுத்தினால் பசை அதில் இறுகப் பிடிக்கும் என்று 1955இல் புவானகோர் என்ற பல் மருத்துவர் கண்டறிந்தார். இன்று உலகில் நடக்கும் முன்பல் அழகுச் சிகிச்சைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கின்றன. அதற்கு முன் 1930களில் ஹாலிவுட் நடிகர்களுக்குச் செய்து கொடுத்த மெல்லிய முகப்புகள் படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றி வைக்க வேண்டியவையாக இருந்தன.

வரிசையை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காம்போசிட், கேப், வெனீர் (பல்லின் முகப்பில் மட்டும் ஒட்டும் மெல்லிய தகடு) எதுவும் பிளீச்சிங்கால் வெளுக்காது. ஆகவே முதலில் பல்லை வெளுத்து, நிறம் நிலைப்பதற்கும் பல்லுக்குள் தங்கிய ஆக்சிஜன் வெளியேறுவதற்கும் குறைந்தது இரண்டு வாரம் விட்டு, அதன் பிறகே அந்த நிறத்துக்கு ஏற்பக் காம்போசிட் கட்ட வேண்டும். அவசரப்பட்டு முன்பே கட்டினால் ஒட்டும் வலு குறையும், நிறமும் பொருந்தாது.

இப்போது கேப் பற்றி. முன்பல் ஒன்றுக்கு முழுக் கேப் போட எவ்வளவு பல்லை அரைக்க வேண்டியிருக்கிறது என்று எடைபோட்டுப் பார்த்த ஆய்வொன்று 2002இல் வெளியானது. கேப்புக்கு, ஈற்றுக்கு மேலே தெரியும் பல்லில் 63 முதல் 72 சதவீதம் வரை போய்விடுகிறது. வெனீருக்கு, அதன் வகையைப் பொறுத்து, 3 முதல் 30 சதவீதம். வேர்ச் சிகிச்சை செய்து வலுவிழந்த பல், பாதிக்கு மேல் உடைந்த பல் ஆகியவற்றுக்குக் கேப் உயிர் காக்கும் கவசம். அதை நானே வாரந்தோறும் போடுகிறேன். வெளியே கறை பிடித்த, உள்ளே நலமான ஆறு பற்களுக்கு அதைப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் வாயை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

மறுமொழி (மோல்மேன் ஆசிரியை)

டாக்டர் அம்மா சொன்ன இரவுத் தட்டை நான் மூன்றாண்டுகளுக்கு முன் பயன்படுத்தினேன். என்னுடையது தேநீர்க் கறையும் வயதின் மஞ்சளும்தான். அச்சு எடுக்கும்போது பசை தொண்டை வரை இறங்குவது போல் இருக்கும். மூக்கால் மூச்சுவிட்டுக் கால் கட்டைவிரலை அசைத்துக்கொண்டே இருங்கள் என்று உதவியாளப் பெண் சொன்னார், அது பலித்தது. தட்டில் ஒவ்வொரு பல்லுக்கும் அரிசி மணி அளவுக்குத்தான் ஜெல் வைக்க வேண்டும். முதல் இரவு ஆசையால் நிறைய வைத்துவிட்டேன். காலையில் ஈற்றின் ஓரம் வெள்ளையாக வெந்து எரிந்தது. அளவைக் குறைத்த பிறகு அது வரவில்லை. ஜெல்லைக் குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும். எங்கள் தெருவில் மின்சாரம் நாளெல்லாம் இல்லாத வாரங்களில், ஊசிக்குழல்களைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மண்பானைத் தண்ணீருக்குள் இறக்கி வைத்தேன்.

ஆறாவது நாள், குளிர்ந்த நீர் குடித்தபோது முன்பல்லில் மின்னல் அடித்தாற்போல் கூச்சம். மருத்துவர் ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொன்னார். பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பற்பசையும் தந்தார். பதினெட்டு இரவுகளில் முடிந்தது. என் கணவர் கவனிக்கவே இல்லை. வகுப்பில் பிள்ளைகள்தான் கவனித்தார்கள். அந்த நாள்களில் தேநீரையும் மஞ்சள் தூக்கலான குழம்பையும் ஒதுக்கினேன். மீன் குழம்பு ஊற்றிய மொய்ங்கா நூடுல்ஸை மட்டும் என்னால் விட முடியவில்லை. சாப்பிட்டவுடன் வாயை நன்றாகக் கொப்பளித்துக்கொள்வேன்.

பிறகு ஒரு பல்லின் மூலைக்குக் காம்போசிட் கட்டினார்கள். கண்ணாடியைக் கையில் கொடுத்திருந்ததால் முழுவதையும் பார்த்தேன். நீல நிற அமிலப் பசையைத் தடவிக் கழுவி உலர்த்தியவுடன் பல்லின் அந்த இடம் மட்டும் சாக்கட்டி போல் மங்கிப் போனது. அதன் மேல் பசையை மெல்லிய அடுக்குகளாக வைத்து, ஒவ்வோர் அடுக்குக்கும் நீல ஒளி காட்டி, கடைசியில் சிறிய வட்டத் தகடுகளால் மெருகேற்றியபோது, எது என் பல், எது பசை என்று எனக்கே தெரியவில்லை. நூல் அறுப்பது, கரும்பு கடிப்பது என்று அந்தப் பல்லால் எதையும் பிய்க்கக் கூடாது என்றார்கள். ஆண்டுக்கு ஒருமுறை மெருகேற்றிக்கொள்கிறேன். வெனீரைவிடச் செலவு மிகவும் குறைவு; ஆனால் ஐந்தாறு ஆண்டுகளில் மாற்றவோ ஒட்டுப்போடவோ வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

மறுமொழி (மாண்டலே வணிகர்)

ஐயா, கேப் போட்டுக்கொண்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். எனக்கு 29 வயதில், என் திருமணத்துக்காக, மேல் முன்பற்கள் நான்கிலும் உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய கேப் போட்டார்கள். என் பற்களில் எந்தக் கேடும் இல்லை. எத்துப்பல்லாக இருந்தன, அவ்வளவே. கிளிப் போட்டால் ஒன்றரை இரண்டு ஆண்டுகள் ஆகும், கேப் என்றால் பத்து நாள் என்றார்கள். நான் பத்து நாளைத் தேர்ந்தெடுத்தேன்.

திருமணப் படங்கள் அழகாகவே இருக்கின்றன. அதை மறுக்க மாட்டேன். ஐந்தாம் ஆண்டில் ஈறு சற்று மேலேறி, கேப்பின் விளிம்பில் உலோகம் கருங்கோடாகத் தெரியத் தொடங்கியது. ஏழாம் ஆண்டில் ஒரு பல்லின் உள்ளே நரம்பு செத்து, கேப்பைத் துளைத்து வேர்ச் சிகிச்சை செய்தார்கள். பதினோராம் ஆண்டில் நான்கையும் கழற்றிப் புதிதாக ஸிர்கோனியா என்னும் உலோகம் தெரியாத வெள்ளைப் பீங்கானில் போட வேண்டி வந்தது. பழைய கேப்களைக் கழற்றியவுடன் கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்தேன். என் பற்கள் நான்கும் தீட்டித் தேய்ந்த பென்சில் முனைகளைப் போல் நின்றன. அந்தக் காட்சி இன்றும் என் கண்ணை விட்டு அகலவில்லை. என் மகனுக்கு இப்போது 13 வயது, அவனுக்கும் எத்துப்பல். கிளிப் போட்டிருக்கிறான். கழற்றிய பிறகும் இரவில் ரிடெய்னர் (பற்களை இடம் மாறாமல் பிடிக்கும் தட்டு) மாட்டாவிட்டால் பற்கள் பழைய இடத்துக்கே நகரும் என்று மருத்துவர் இப்போதே எச்சரித்து வைத்திருக்கிறார்.

யாராவது கேப்போ வெனீரோ போடத்தான் வேண்டும் என்றால், பல்லைத் தொடுவதற்கு முன் மெழுகில் மாதிரி செய்து, அதை வைத்து வாயில் தற்காலிகமாக ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள். எனக்கு இரண்டாம் முறை அப்படித்தான் செய்தார்கள். முதல் மாதிரியில் பற்கள் நீண்டு, பேசும்போது 'ஃ' ஒலி வந்தது. அதைக் குறைத்த பிறகே உண்மையானவற்றைச் செய்தார்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இரண்டு சந்தேகங்கள். என் தங்கைக்குப் பற்களில் குறுக்காகச் சாம்பல் நிறப் பட்டைகள் இருக்கின்றன. அவள் வெற்றிலை தொட்டதே இல்லை. இரண்டு மூன்று வயதில் அடிக்கடி காய்ச்சல் வந்து, கடையில் வாங்கிய மாத்திரையை உடைத்துத் தேனில் குழைத்துக் கொடுத்ததாக அம்மா சொல்கிறார். அவளும் என்னோடு தட்டு போட்டுக்கொள்ளலாமா?

இரண்டாவது, இது சிறிய விஷயமாக இருக்கலாம். கொஞ்ச நாளாக மிளகாய்க் காரம் பட்டால் கன்னத்தின் உட்புறம் எரிகிறது. வாயையும் முன்போல் அகலத் திறக்க முடியவில்லை. அந்த மருத்துவகத்தில் இதைச் சொன்னேன், கேப் போட்டால் சரியாகிவிடும் என்றார்கள்.

மறுமொழி (பல் மருத்துவர், யாங்கோன்)

தம்பி, இரண்டாவதாக எழுதியதைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். அது சிறிய விஷயம் அல்ல. கேப்புக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உங்கள் மூன்று விரல்களைச் சேர்த்துச் செங்குத்தாக முன்பற்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள்; பெரும்பாலோருக்கு மூன்றும் நுழையும். இரண்டுதான் நுழைகிறது என்றால், பாக்கின் காரணமாகக் கன்னத்தின் உட்தோலுக்கு அடியில் நார்த்திசு இறுகிக்கொண்டு வருகிறதா என்று பார்க்க வேண்டும். காரம் எரிவது அதன் தொடக்க அடையாளம். சிலருக்கு அந்த இடத்தில் பிற்காலத்தில் புற்றுநோய் வருவதுண்டு. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு மட்டுமே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் அறிவித்துவிட்டது. நீங்கள் எட்டு மாதத்துக்கு முன் நிறுத்தியது, இதுவரை உங்கள் வாய்க்கு யாரும் செய்யாத பெரிய வைத்தியம். இறுகியது தானாக முழுதும் இளகாது. ஆனால் தொடக்கத்திலேயே பார்த்தால் வாய்ப் பயிற்சியாலும் மருந்தாலும் கூடுமானவரை காக்கலாம். இந்த வாரமே பல் மருத்துவப் பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போய், வாய்நோய்ப் பிரிவில் காட்டுங்கள். வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருக்கிறதா என்று முழு வாயையும் பார்க்கச் சொல்லுங்கள். பிளீச்சிங் ஒரு மாதம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை.

தங்கையின் பட்டைகள் டெட்ராசைக்ளின் கறையாக இருக்க வாய்ப்பு மிகுதி. பல் உருவாகும் எட்டு வயது வரையிலான காலத்தில் அந்த மருந்து சுண்ணச்சத்தோடு சேர்ந்து பல்லுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. முளைத்தபோது மஞ்சளாக இருந்து, வெளிச்சம் பட்டுப் பட்டுச் சாம்பலாக மாறும். அம்மாவைக் குறை சொல்லாதீர்கள்; அந்நாளில் கடைகளில் அதைத்தான் கொடுத்தார்கள். உள்ளிருக்கும் இந்தக் கறை இரவுத் தட்டால் வெளுக்கும், ஆனால் மாதக்கணக்கில். ஆறு மாதம் வரை போட்டவர்கள் உண்டு. தைக்குள் முடியாது. திருமணம் முடிந்து நிதானமாகத் தொடங்கட்டும். அவளே விரும்பினால், இப்போதைக்கு மிகுதியாகத் தெரியும் இரண்டு அல்லது நான்கு பற்களின் மேல், பல்லை அரைக்காமல், மெல்லிய காம்போசிட் பூச்சு செய்யலாம். பிற்காலத்தில் வெனீர் போட நேர்ந்தாலும், முதலில் வெளுத்து வைத்திருந்தால் சாம்பல் நிறத்தை மறைக்கத் தடித்த பீங்கான் தேவைப்படாது. அரை மில்லிமீட்டர் அளவில் முடித்துவிடலாம்.

நிறம் தேர்ந்தெடுக்கும்போது இருவரும் பகல் வெளிச்சத்தில், சன்னல் அருகில் நின்று தேர்ந்தெடுங்கள். மருத்துவர் கையில் பதினாறு நிற மாதிரிகள் உள்ள பட்டை இருக்கும். கண்ணின் வெள்ளையைவிட வெளுத்த நிறத்தை எடுத்தால் பல் தனியே துருத்திக்கொண்டு தெரியும்.

கேள்வி கேட்டவர்

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். விரல்கள் இரண்டும் கால்வாசியும்தான் நுழைந்தன. பல்கலைக்கழக மருத்துவமனையில் முழு வாயையும் விளக்கு வைத்துப் பார்த்தார்கள். நார்த்திசு இறுகத் தொடங்கியிருக்கிறது, தொடக்க நிலை என்றார்கள். வெள்ளைத் திட்டு எதுவும் இல்லை. ஐஸ் குச்சிகளைப் போன்ற மரக்குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்து நாள்தோறும் வாயைத் திறந்து பழகச் சொல்லியிருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு குச்சி கூட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வர வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.

க்ளீனிங் இரண்டு அமர்வுகளில் முடிந்தது. கீழ்ப்பற்களின் பின்னால் இருந்த கல் போய்விட்டதால் நாக்கு ஓயாமல் அந்த இடுக்கையே தொட்டுக்கொண்டிருக்கிறது. மேல்வரிசையில் என் பல்லின் உண்மையான நிறத்தைப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தேன்; இளமஞ்சள்தான், ஆனால் சுத்தமாக இருக்கிறது. தட்டு தேவையா என்றே இப்போது யோசிக்கிறேன். உடைந்த முனையை மட்டும் கட்டிக்கொண்டால் போதும் என்று தோன்றுகிறது. வரும் செவ்வாய்க்கிழமை அதற்கு நாள் குறித்திருக்கிறார்கள். தங்கையும் கூட வருகிறாள். பூச்சு வேண்டுமா வேண்டாமா என்று சன்னலருகே நின்று பார்த்த பிறகு சொல்கிறேன் என்கிறாள்.